பக்கத்து வழக்கையும் படியுங்கள்

பேச்சுரிமையைப் பற்றிக் கட்டுரை எழுதப்போகிறேன் என்று வரும் சட்ட மாணவர்களிடம் நான் முதலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். பத்திரிகைத் தடை ஒன்றை எதிர்த்த ரொமேஷ் தாப்பர் எதிர் சென்னை மாநிலம் வழக்கில் மற்ற ஐந்து நீதிபதிகளோடு நீதிபதி பசல் அலி ஏன் உடன்படவில்லை? பெரும்பான்மைத் தீர்ப்பைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். பசல் அலியிடம் வந்ததும் பேச்சு நின்றுவிடும். இதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் கைப்பேசியில் இறக்கிவைத்திருக்கும் தீர்ப்பில் அந்தக் காரணமே கிடையாது. பிரிஜ் பூஷண் வழக்கில் தாம் கூறிய காரணங்களால் இந்த மனுவையும் ஏற்க முடியாது என்று சுருக்கமாக முடித்துக்கொள்கிறார் அவர்.

அப்படியானால் பிரிஜ் பூஷண் வழக்கு எங்கே இருக்கிறது? ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) என்ற தீர்ப்புத் தொகுப்பின் 1950ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தொகுதியை எடுத்து மேசையில் விரித்துவைத்தால் தேடவே வேண்டாம். 124ஆம் பக்கத்தில் ரொமேஷ் தாப்பர் தொடங்குகிறது. 129ஆம் பக்கத்தில் பிரிஜ் பூஷண். முந்தைய வழக்கைப் படித்து முடித்த கை, தானாகவே அடுத்ததைத் திருப்பிவிடும். இரண்டுக்கும் தீர்ப்பு நாள் ஒன்றுதான்: 1950 மே 26.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்த பிறகுதான் அன்று உச்ச நீதிமன்றம் செய்த காரியத்தின் முழு அளவு எனக்குத் தெரிந்தது. ரொமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழை நடத்தியவர். அது சென்னை மாநிலத்துக்குள் வரவே கூடாது என்று இங்கிருந்த அரசு தடை போட்டது. பிரிஜ் பூஷண் வழக்கு டெல்லியில் வெளியான ‘ஆர்கனைசர்’ பற்றியது. அது ஆர்.எஸ்.எஸ். சார்புடைய வார இதழ். அச்சிடும் முன்பே அரசுக்குக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டிருந்தார்கள். கொள்கையில் எதிரெதிர்த் துருவங்களான இரண்டு பத்திரிகைகள். இரண்டுக்கும் ஒரே நாளில், ஒரே அமர்வு, ஒரே காரணத்தைச் சொல்லி உரிமையை மீட்டுக்கொடுத்தது. பேச்சுரிமை யாருக்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை நம் சட்ட வரலாற்றில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தனித்தனியாக இறக்கிப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு இது கண்ணில் படுவதில்லை.

இன்னொரு இடத்திலும் இதே அனுபவம். செண்பகம் துரைராஜன் வழக்கைத் தமிழ்நாட்டில் அறியாதவர் குறைவு. வகுப்புவாரி அரசாணையின்படி பதினான்கு இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு இரண்டு, பிராமணர்களுக்கு இரண்டு, அரிசனர்களுக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என்று கல்லூரி இடங்கள் பிரிக்கப்பட்டிருந்தன. உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. 1951 ஏப்ரல் 9 தீர்ப்பு. ஏ.ஐ.ஆர். 1951 தொகுதியில் அது 226ஆம் பக்கம். 229ஆம் பக்கத்துக்குப் போங்கள். அங்கே வெங்கடரமணா எதிர் சென்னை மாநிலம் இருக்கிறது. அதே நாள், அதே வகுப்புவாரி முறை. ஆனால் விவகாரம் மாவட்ட முன்சீப் பணியிடங்கள். அந்த வழக்கிலும் மனுதாரர் வென்றார். ஆனால் அரிசனர்களுக்கும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குமான ஒதுக்கீடு அரசு வேலையில் பின்தங்கிய வகுப்பினருக்கு இடம் ஒதுக்க வழிவிடும் 16(4) பிரிவின்படி செல்லும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

வேலைவாய்ப்பில் செல்லுபடியான ஒதுக்கீடு கல்வியில் ஏன் செல்லவில்லை? வேலைக்கு 16(4) என்ற வாசல் இருந்தது, கல்விக்கு அப்படி ஒன்று எழுதிவைக்கப்படவில்லை. நீதிபதிகள் பிடித்துக்கொண்டது அந்த இடைவெளியைத்தான். சென்னை மாநிலம் கொந்தளித்ததும், பெரியார் கிளர்ச்சிக்கு அழைத்ததும், அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தத்தில் கல்வி ஒதுக்கீட்டுக்கு வழிவிடும் 15(4) பிறந்ததும் இந்த இடைவெளியை அடைக்கத்தான். இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தவருக்கு 15(4) எங்கிருந்து வந்தது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. செண்பகத்தை மட்டும் படித்தவர், ‘உச்ச நீதிமன்றம் இடஒதுக்கீட்டை எதிர்த்தது’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு எழுந்து போய்விடுவார். அந்த வாக்கியம் எத்தனை மேடைகளில் அப்படியே சொல்லப்பட்டிருக்கிறது!

செண்பகம் தீர்ப்பில் எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி வேறொன்று. அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது உச்ச நீதிமன்றத்தில் விசாரணையின்போது தெரியவந்தது. விசாரித்துப் பார்த்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததால் விண்ணப்பிக்கவில்லை என்று சொல்லியிருந்தார். விண்ணப்பித்துவிட்டு வழக்காடியவர் பொறியியல் கல்லூரி கேட்ட சீனிவாசன். வழக்கோ செண்பகத்தின் பெயரில்தான் நிலைத்துவிட்டது. தீர்ப்பின் முதல் சில பத்திகளில் இதெல்லாம் இருக்கிறது. தலைப்புக் குறிப்பில் இருக்காது. தலைப்புக் குறிப்பு என்பது தொகுப்பு ஆசிரியர் எழுதுவது; நீதிபதியின் சொல் அல்ல. வழக்கைக் கண்டுபிடிக்க அது உதவும், அவ்வளவுதான். அதிலிருந்து ஒரு வரியைக்கூட மேற்கோள் காட்டாதீர்கள்.

இப்போது ரொமேஷ் தாப்பருக்குத் திரும்புவோம். இன்றைய அரசமைப்புச் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தீர்ப்பைப் படித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. ‘பொது ஒழுங்கு’ என்ற காரணத்துக்காகப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த முடியாது என்கிறது தீர்ப்பு. பேச்சுரிமைக்கு எந்தெந்தக் கட்டுப்பாடுகள் போடலாம் என்று சொல்லும் 19(2) பிரிவைத் திறந்தால் ‘பொது ஒழுங்கு’ என்ற சொல் அங்கே தெளிவாக நிற்கிறது! 1950இல் அந்தச் சொல் அங்கே இல்லை. அரசின் பாதுகாப்பைக் குலைப்பது, அரசைக் கவிழ்க்க முனைவது என்ற அளவில்தான் இருந்தது. அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, ஒழுக்கம் போன்றவை வேறு. சின்னச் சின்னக் கலவரங்களையெல்லாம் அரசின் பாதுகாப்பு என்ற பெரிய சொல்லுக்குள் திணிக்க முடியாது என்றார் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பதஞ்சலி சாஸ்திரி. பொது அமைதி கெடுவது கடுமையானால் அது அரசின் பாதுகாப்பையே தொடும் என்பது பசல் அலியின் நிலை. 1951 ஜூன் 18 அன்று நடைமுறைக்கு வந்த முதல் திருத்தம் ‘பொது ஒழுங்கு’ என்பதைச் சேர்த்தது. தொடக்கம் முதலே அப்படித்தான் இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. கூடவே ‘நியாயமான’ என்ற ஒரு சொல்லையும் சேர்த்தது. பின்னாளில் குடிமக்கள் பற்றிக்கொண்டது அந்தச் சொல்லைத்தான். ‘இந்தியாவின் இறையாண்மை, ஒருமைப்பாடு’ என்பது இன்னும் பிந்தியது, 1963இல் பதினாறாவது திருத்தம் கொண்டுவந்தது. தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்ட காலத்துச் சூழல் அது.

ஆகவே ஒரு பழைய தீர்ப்பைப் படிக்கும் முன், தீர்ப்பு நாளன்று அந்தப் பிரிவு எப்படி இருந்தது என்று ஒரு தாளில் கையால் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அரசு வெளியிடும் பதிப்பில் அடிக்குறிப்புகளிலேயே எந்தத் திருத்தம், எந்த நாள் என்று இருக்கும். பெரும்பாலானவர்கள் அடிக்குறிப்பைப் பார்ப்பதில்லை. என் மேசையில் அந்தத் தாள் இல்லாமல் எந்தத் தொகுதியையும் நான் திறப்பதில்லை.

நான் ஜூனியராக இருந்தபோது சீனியர் கற்றுத்தந்த பழக்கம் ஒன்று உண்டு. தீர்ப்பைப் படிப்பதற்கு முன் வக்கீல்கள் பெயரைப் படி என்பார். அப்போது அது வெறும் மரியாதை என்று நினைத்தேன். உண்மையில் அது ஒரு திறவுகோல். உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பான எஸ்.சி.ஆர். 1950 தொகுதியில், தடுப்புக் காவலை எதிர்த்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் வழக்கைப் பாருங்கள். கோபாலனுக்காக வாதாடியவர் எம்.கே. நம்பியார். எதிர்ப்பக்கம் சென்னை அட்வகேட் ஜெனரல் ராஜா அய்யர். அவருக்குத் துணையாக சி.ஆர். பட்டாபிராமன். ஒரு வாரம் கழித்துத் தீர்ப்பான ரொமேஷ் தாப்பரில் அதே பட்டாபிராமன் பத்திரிகையின் பக்கம் நிற்கிறார், அதே ராஜா அய்யருக்கு எதிராக. அந்த நாட்களில் உரிமை வழக்குகள் எல்லாம் ஒரு சிறிய வட்டத்துக்குள்தான் நடந்தன, வாதங்கள் ஒரு வழக்கிலிருந்து மற்றொன்றுக்குக் கடந்துபோயின என்பதை இந்தப் பெயர்ப் பட்டியலே சொல்லிவிடுகிறது. பழைய எஸ்.சி.ஆர். தொகுதிகளில் வக்கீல்களின் வாதச் சுருக்கமும் அச்சாகியிருக்கும். தோற்ற வாதத்தை அங்கே படிக்கலாம். ஆய்வு செய்பவருக்கு அது பொன்.

பெயரைப் போலவே நாளையும் குறித்துக்கொள்ளச் சொல்வேன். தீர்ப்பு நாளைச் சொல்லவில்லை; வழக்குக்குக் காரணமான அரசாணையின் நாள். கோபாலன் 1947 டிசம்பரிலிருந்தே சிறையில் இருந்தவர். அவர்மீது புதிய தடுப்புக் காவல் சட்டத்தின்படி ஆணை வழங்கப்பட்டது 1950 மார்ச் 1. ‘கிராஸ் ரோட்ஸ்’ மீதான தடை ஆணையும் 1950 மார்ச் 1. டெல்லியில் ‘ஆர்கனைசர்’ மீதான ஆணை மார்ச் 2. வி.ஜி. ராவ் பொதுச் செயலாளராக இருந்த மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்டவிரோத அமைப்பு என்று சென்னை அரசு அறிவித்தது மார்ச் 10. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அடிப்படை உரிமைகளைப் பற்றி நாம் இன்றும் பாடமாகப் படிக்கும் வழக்குகளில் நான்கு, பத்து நாட்களுக்குள் போடப்பட்ட ஆணைகளிலிருந்து முளைத்திருக்கின்றன. அவற்றில் மூன்று நம் ஊரில் போடப்பட்டவை. இந்த நாட்களை நான் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்த்த அன்று வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. தனித்தனி வழக்குகள் என்று நினைத்திருந்தவை ஒரு அரசாங்கத்தின் ஒரே அச்சமாகத் தெரிந்தன.

அந்த அச்சத்தின் பின்னணி தீர்ப்புகளில் இருக்காது. ‘கிராஸ் ரோட்ஸ்’ தடை ஆணைக்கு மூன்று வாரத்துக்கும் குறைவான நாட்களுக்கு முன், 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்து கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் உயிரிழந்தார்கள். ரொமேஷ் தாப்பர் தீர்ப்பில் அதைத் தேடினால் கிடைக்காது. நீதிமன்றம் தன் முன் வைக்கப்பட்ட கேள்விக்குத்தான் விடை சொல்லும். வரலாறு எழுதுவது அதன் வேலை அல்ல. அந்த வேலைக்கு வேறு கட்டடத்துக்குப் போக வேண்டும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே போகும்போது ‘1950இல் கம்யூனிஸ்டுகள் மீதான நடவடிக்கை’ என்று பொதுவாகக் கேட்டு நிற்காதீர்கள். அரசாணை எண், துறை, நாள் மூன்றும் வேண்டும். அந்த விவரங்கள் பெரும்பாலும் தீர்ப்பின் முதல் பக்கங்களிலேயே கிடைக்கும். அன்றைய அரசிதழான செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டும் தேடத் தகுந்தது. கோப்பு வரும்வரை காத்திருக்கும் நேரத்தை அதே எழும்பூரில், பாந்தியன் சாலையில் இருக்கும் கன்னிமாரா நூலகத்தில் செலவிடலாம். இந்தியாவில் வெளியாகும் நூல்கள் சட்டப்படி வந்து சேரும் களஞ்சியம் அது. கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. வழக்கறிஞர் சங்க நூலகங்கள் உறுப்பினர்களுக்கானவை. ஆனால் தெரிந்த வக்கீல் ஒருவர் கூட வந்து, இன்ன தொகுதி, இன்ன பக்கம் என்று சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நூலகரிடம் துல்லியமாகக் கேட்பவருக்குத் தனி மதிப்பு உண்டு.

அரசமைப்பு நிர்ணய சபை விவாதங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். உரிமைகள் மீறப்பட்டால் நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் உரிமைதான் அரசமைப்பின் ஆன்மா, இதயம் என்று அம்பேத்கர் சொன்னது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பேச்சைத் தேடி விவாதத் தொகுதியில் ‘பிரிவு 32’ என்று பார்த்தால் சம்பந்தமில்லாத இடத்துக்குப் போய்ச் சேருவீர்கள். 1948 டிசம்பர் 9 அன்று அவர் பேசியது வரைவுச் சட்டத்தின் 25ஆம் பிரிவைப் பற்றி. பின்னால் எண்கள் மாறிவிட்டன. பேச்சுரிமை இருக்கும் இன்றைய 19, வரைவில் 13. உயிரையும் தனிமனித உரிமையையும் காக்கும் இன்றைய 21, வரைவில் 15. முதலில் இந்த எண் ஒப்பீட்டை எழுதிவைத்துக்கொண்டு, பிறகு விவாதத்துக்குள் போங்கள். போனதும் அம்பேத்கர் பேச்சை மட்டும் படித்துவிட்டு மூடாதீர்கள். அந்த நாள் முழுவதையும் படியுங்கள். தனிமனித உரிமை பற்றிய 15ஆம் வரைவுப் பிரிவு விவாதத்தில் அம்பேத்கர் இரு பக்கத்து ஆபத்தையும் எடுத்துச் சொல்லி, முடிவைச் சபையிடமே விட்டார். சட்டம் போட்டு எதையும் செய்துவிடலாம் என்ற சட்டமன்றத்தை நம்புவதா, சட்டத்தையே எடைபோடும் ஐந்தாறு நீதிபதிகளை நம்புவதா என்பது அவருக்கே எளிதாக இருக்கவில்லை. சபை நீதிபதிகளுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்து, கோபாலன் வழக்கில் அதன் விலை தெரிந்தது.

கோபாலன் வழக்கில் தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவு மட்டும் விழுந்தது. காவலில் வைத்த காரணத்தை நீதிமன்றத்தில்கூடச் சொல்லக் கூடாது என்ற பிரிவு அது. மற்றதெல்லாம் பெரும்பான்மையால் தப்பியது. அங்கேயும் பசல் அலி பெரும்பான்மையிலிருந்து மாறுபட்டு நின்றார். இந்த முறை குடிமகன் பக்கம். உரிமைகளைத் தனித்தனி அறைகளாகப் பார்க்கக் கூடாது என்ற அவர் பார்வை 1970இல் வங்கிகள் நாட்டுடைமை வழக்கிலும், 1978 ஜனவரி 25 மேனகா காந்தி தீர்ப்பிலும் உயிர்பெற்றது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஏப்ரலில், ஆட்கொணர்வு மனு வழக்கில் நீதிபதி எச்.ஆர். கன்னா தனியாக எழுதிய மாறுபட்ட தீர்ப்பை 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சரி என்றது. எனவே எந்தத் தீர்ப்பையும் எடுத்தவுடன் கேட்க வேண்டியது, இது இன்று உயிரோடு இருக்கிறதா என்பது. அதைவிட முக்கியம், மாறுபட்ட தீர்ப்பைத் தாண்டிப் போகாமல் இருப்பது. அன்று தோற்றவரைத்தான் பல நேரங்களில் பேரப்பிள்ளைகள் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இணையம் வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தன் அதிகாரபூர்வத் தொகுப்பை இலவசமாக இணையத்தில் திறந்துவிட்டது கிராமத்து மாணவருக்குப் பெரிய கொடை. நூலகம் பூட்டியிருக்கும் இரவுகளில் நானே அதைத்தான் நம்பியிருக்கிறேன். ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேட அது போதும். தேடத் தெரியாத ஒன்றைக் கண்டெடுக்கத்தான் அலமாரி வேண்டும்.

இதனால்தான் ஒரு விஷயம் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மாவட்ட வழக்கறிஞர் சங்கத்தில், கணினிச் சந்தா வாங்கியாயிற்று, இனி இடம் வேண்டும் என்று சொல்லிப் பழைய தொகுதிகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். செய்தி தெரிந்து நான் போனபோது கயிற்றால் கட்டிய கட்டுகள் வராந்தாவில் கிடந்தன. துணி பைண்டிங் கிழிந்து, சில தொகுதிகளில் யாரோ ஒரு தலைமுறைக்கு முந்தைய வக்கீல் பென்சிலால் ஓரத்தில் எழுதிய குறிப்புகளோடு. அவற்றில் 1950ஐயும் 1951ஐயும் மட்டும் கேட்டு வாங்கிவர முடிந்தது. சந்தா ஓராண்டு கட்டாவிட்டால் திரை இருண்டுவிடும். புத்தகம் அப்படி இல்லை. உங்கள் ஊர் சங்கத்தில் இப்படிப் பேச்சு எழுந்தால், எடைக்குப் போடும் முன் மாவட்ட மைய நூலகத்துக்கோ அருகிலுள்ள சட்டக் கல்லூரிக்கோ எழுதிக் கேளுங்கள். முழுத் தொகுப்பையும் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் உச்ச நீதிமன்றத் தொகுதிகளில் 1950 முதல் 1980 வரையாவது காப்பாற்றுங்கள்.

காப்பாற்றிய அந்த இரண்டு தொகுதிகளை நடுவில் வைத்துத்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டம் நடக்கிறது. சட்ட மாணவர்கள் வருகிறார்கள், தொழிற்சங்கத் தோழர் ஒருவர் வருகிறார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வருகிறார். அண்மையில் ஒரு மாணவி, தன் ஊரில் கூட்டம் நடத்த அனுமதி மறுத்த காவல்துறைக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தாள். கூட்டங்களுக்கு முன்அனுமதி வாங்கச் செய்யும், 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30(2) பிரிவு அமலில் இருப்பதால் அனுமதி இல்லை என்று இருந்தது. ‘சார், இதற்கு நாம் என்ன செய்ய முடியும்?’ என்றாள்.

மக்கள் கல்விச் சங்கத்தின் மீதான தடையை எதிர்த்த வி.ஜி. ராவ் வழக்கின் தீர்ப்பை எடுத்துக்கொண்டோம். 1952 மார்ச் 31, எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரியேதான், அப்போது தலைமை நீதிபதி. ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என்று பார்க்க அவர் தரும் அளவுகோல்களைத் தலைமையாசிரியை பலகையில் தமிழில் எழுதினார். பறிக்கப்படும் உரிமை எத்தகையது? கட்டுப்பாட்டின் அடிப்படை நோக்கம் என்ன? தடுக்க நினைக்கும் தீமை எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரமானது? அதற்கு இந்தக் கட்டுப்பாடு அளவுக்கு மிஞ்சியதா? அன்றைய சூழல் என்ன? பிறகு கடிதத்தை ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே வைத்தோம். கூட்டத்தின் பொருள், எதிர்பார்க்கும் ஆட்கள், இடம், முன்பு ஏதாவது அசம்பாவிதம் நடந்ததா என்று ஒன்றுமே கடிதத்தில் இல்லை. வி.ஜி. ராவ் வழக்கில் சட்டம் விழுந்ததற்கான காரணங்களில் சில, அரசின் சொந்தத் திருப்தியே போதும் என்று வைத்ததும், அதை நீதிமன்றம் விசாரிக்க வழியில்லாமல் செய்ததும், சம்பந்தப்பட்டவர்களுக்கு ஒழுங்காகத் தெரிவிக்காமல் அரசிதழில் போட்டால் போதும் என்று விட்டதும். மாணவி அந்தப் பத்தியைத் தானே வாசித்தாள்.

அன்று எழுதிய மனுவில் மூன்று கோரிக்கைகள் வைத்தோம். 30(2) பிரிவை அமல்படுத்திய மூல ஆணையின் நகலும் அதன் நாளும் வேண்டும். இந்தக் கூட்டத்துக்கு ஏன் மறுப்பு என்று தனிக் காரணம் எழுத்தில் வேண்டும். மாற்று இடமோ மாற்று நாளோ தர முடியுமா என்று சொல்ல வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்தச் சொன்னோம். பதில் வராவிட்டாலும், அரைகுறையாக வந்தாலும், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோடு இணைக்க அந்த அட்டையும் மனுவின் நகலும் வேண்டும். நகலில் தீர்ப்பின் மேற்கோளை ஏ.ஐ.ஆர். 1952 உச்ச நீதிமன்றம் 196 என்று பக்க எண்ணோடு அவளே எழுதினாள்.